ஒற்றை நகரத்து சாம்ராஜ்யம்

1991-இல் சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கிய ‘சிவிலைசேஷன்’ கணினி விளையாட்டில் ஜெயிக்கப் பலரும் கண்ட வழி, ஊர் மேல் ஊராகக் கட்டிக்கொண்டே போவதுதான். 1996-இல் இரண்டாம் பாகம் வந்தபின் சில ஆட்டக்காரர்கள் அந்த வழியைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். ஒரே நகரம். அதை வைத்தே ஆல்ஃபா செண்டாரிக்கு விண்கலம் அனுப்பியாக வேண்டும்.

நடுக்கட்டத்தையும் சேர்த்து அந்த ஊருக்குக் கிடைப்பது 21 கட்டங்கள். அதனால் கடலோரமாக இடம் பிடிப்பார்கள். ‘அதிசயம்’ எனப்படும் பெருங்கட்டுமானங்களில் கொலோசஸ் சிலை எழுந்தால் வணிக வரவு கூடும். கோபர்நிகஸ் ஆய்வகமும் நியூட்டன் கல்லூரியும் ஆராய்ச்சியை முடுக்கிவிடும். கூட்டம் பெருகி அதிருப்தி கிளம்பினால் ஷேக்ஸ்பியர் அரங்கம் தணித்துவிடும். இந்த அதிசயங்களின் பலன் அவை நிற்கும் ஊருக்கு மட்டுமே. இருபது ஊர் ஆள்பவனுக்கு அது சிறு லாபம். இங்கோ தேசம் முழுவதற்கும் கிடைத்த வரம். இந்த நுட்பத்தைக் கண்டுகொண்டதுதான் உண்மையான சாதனை. கட்டுமானத்துக்கு கேரவன் எனும் வணிகக் குழுக்கள் கைகொடுத்தன. அண்டை அரசர்களைத் தொழில்நுட்பம் கொடுத்துச் சமாதானமாக வைத்துக்கொண்டார்கள்.

ஆட்டக்காரர்கள் வகுத்த இந்தக் கட்டுப்பாடு 2005-இல் வெளியான நான்காம் பாகத்தில் அதிகாரபூர்வத் தேர்வாகவே இடம்பெற்றது. ஒரு நகரில் இரண்டே தேசிய அதிசயங்கள் என்ற வரம்பும் ஒற்றை நகர ஆட்டத்துக்கு மட்டும் ஐந்தாக உயர்ந்தது.

2013-இல் ஐந்தாம் பாகத்தின் விரிவாக்கத்தில் வெனிஸ் வந்தது. என்ரிகோ டண்டோலோ தலைமையிலான இந்த நாட்டால் புதிய ஊர் எதையும் நிறுவ முடியாது. ஈடாக, வணிகப் பாதைகள் மற்றவர்களைவிட இரு மடங்கு.