முருங்கைக் குடும்பத்தின் பரவலும் உலர்தாவரப் பதிவுகளும்

முருங்கைக் குடும்பம் (மொரிங்கேசியே) என்பது மொரிங்கா என்னும் ஒரே பேரினத்தையும் அதில் அடங்கும் 13 இனங்களையும் கொண்ட சிறிய பூக்கும் தாவரக் குடும்பம் ஆகும். இது கடுகு, பப்பாளி ஆகியவற்றின் குடும்பங்களும் இடம்பெறும் பிராசிகேல்ஸ் வரிசையைச் சேர்ந்தது. மொரிங்கா என்னும் பெயர் முருங்கை என்னும் தமிழ்ச் சொல்லுடன் தொடர்புடையது. இக்குடும்பத்தின் இயற்கைப் பரவல் பற்றிய அறிவு பெரும்பாலும் உலர்தாவரகங்களில் பாதுகாக்கப்படும் மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டது.

உலர்தாவர மாதிரி

இலை, பூ, காய் ஆகியவற்றுடன் கூடிய கிளை அழுத்தி உலர்த்தப்பட்டுத் தாளில் ஒட்டப்படுகின்றது. சேகரித்த இடம், நாள், சேகரித்தவர் பெயர், செடியின் தோற்றம் முதலியன தாளின் குறிப்புச்சீட்டில் எழுதப்படுகின்றன. ஓர் இனத்தின் பரவல் வரைபடத்தில் காணப்படும் ஒவ்வொரு புள்ளியும் பொதுவாக இத்தகைய ஒரு தாளையே குறிக்கும்.

பரவல்

- இந்தியத் துணைக்கண்டம்: மொ. ஓலிஃபெரா (முருங்கை), மொ. கொங்கனென்சிஸ் (காட்டு முருங்கை). பின்னது தமிழ்நாட்டின் பெரம்பலூர்ப் பகுதியிலும் காணப்படுகின்றது.
- செங்கடற் கரையோரம், அரேபியா: மொ. பெரெகிரினா.
- வடகிழக்கு ஆப்பிரிக்கா (எத்தியோப்பியா, கென்யா, சோமாலியா): மொ. ஸ்டெனோபெட்டலா, மொ. ஆர்போரியா, மொ. போர்சியானா, மொ. லாங்கிட்யூபா, மொ. பிக்மேயா, மொ. ரிவே, மொ. ரஸ்போலியானா.
- நமீபியா, அங்கோலா: மொ. ஓவலிஃபோலியா.
- மடகாஸ்கர்: மொ. டுரூஹார்டியை, மொ. ஹில்டபிராண்டியை.

பதின்மூன்றில் ஏழு இனங்கள் வடகிழக்கு ஆப்பிரிக்காவுக்கே உரியவை.

மாதிரிகளின் குறைபாடுகள்

முருங்கைக் கீரையைத் துணியில் சுற்றி ஓரிரவு வைத்தால் இலைகள் தாமே உதிர்வதைத் தமிழர் அறிவர். இவ்வியல்பு மாதிரி தயாரிப்போருக்கு இடையூறாகின்றது. சிற்றிலைகள் உதிர்ந்து காம்பு மட்டும் தாளில் எஞ்சக்கூடும். மொ. பெரெகிரினாவில் உயிருள்ள மரத்திலேயே சிற்றிலைகள் உதிர்ந்து வெறுங்காம்புகள் நிற்பது இயல்பு. மொ. ஓவலிஃபோலியா போன்றவற்றின் பருத்த அடிமரமும், வடகிழக்கு ஆப்பிரிக்கப் புதர்களின் கிழங்கும் தாளில் அடங்கா. இவற்றைக் குறிப்புச்சீட்டு மட்டுமே தெரிவிக்க முடியும்.

குறைந்த பதிவுகள்

கியூ தாவரவியற் பூங்காவைச் சேர்ந்த பெர்னார்ட் வெர்ட்கோர்ட் 1985 இல் மொ. ஆர்போரியா, மொ. பிக்மேயா ஆகிய இரண்டையும் புதிய இனங்களாக விவரித்தார். இவை மிகச் சில மாதிரிகளைக் கொண்டே அறியப்பட்டவை. மொ. பிக்மேயா காணப்படும் சோமாலியாவில் 1991 இல் அரசு வீழ்ந்து உள்நாட்டுப் போர் பரவியபின் களச் சேகரிப்பு கடினமாயிற்று. ஆகவே ஓரிடத்திலிருந்து தாள் இல்லாமை, அங்குச் செடி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

தாள்களும் அழியக்கூடியவை. 1943 மார்ச் 1 இரவு நிகழ்ந்த குண்டுவீச்சில் பெர்லின் உலர்தாவரகத்தின் பெரும்பகுதி எரிந்தது. ஒரே சேகரிப்பின் படிகள் வேறு நாடுகளின் உலர்தாவரகங்களுக்கும் அனுப்பப்படுவதன் பயன் இத்தகைய இழப்புகளின்போது வெளிப்படுகின்றது.

காட்டு மரமும் நட்ட மரமும்

குறிப்புச்சீட்டில் செடி தானே வளர்ந்ததா, நடப்பட்டதா என்பது குறிக்கப்படாவிடின் பரவல் வரைபடம் பிழையாகும். மொ. ஓலிஃபெரா இன்று வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் வளர்க்கப்படுகின்றது. ஆயினும் அதன் தாயகம் வடமேற்கு இந்தியாவின் இமயமலை அடிவாரம் எனக் கருதப்படுகின்றது. எத்தியோப்பியாவின் கொன்சோ மக்கள் மொ. ஸ்டெனோபெட்டலாவைக் கீரைக்காகத் தம் நிலங்களில் வளர்க்கின்றனர்.

மடகாஸ்கரின் மொ. ஹில்டபிராண்டியை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இது 1881 இல் மடகாஸ்கரில் இறந்த ஜெர்மானியச் சேகரிப்பாளர் யொகான் மரியா ஹில்டபிராண்ட் பெயரால் வழங்குகின்றது. மார்க் ஓல்சன், சில்வேன் ராசஃபிமண்டிம்பிசன் ஆகியோர் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இம்மரம் இயற்கையில் அழிந்துவிட்டதாகவும், உள்ளூர் மக்கள் நட்டு வளர்த்து வந்தமையாலேயே எஞ்சியதாகவும் கூறியது. இதனால் இவ்வினத்தின் தாள்கள் காட்டும் இடங்களை மரத்தின் இயற்கை வாழிடமாக அப்படியே கொள்ளவியலாது. அவற்றிற் பல மனிதர் அதனைக் காத்த ஊர்களாகும்.