திண்டிவனத்து இரவு

கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலை நாடிச் சென்று, அங்கு வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுள் பல, பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து புறப்பட்டவை. பூமியின் ஆழத்தில் இறங்கிய அவ்வாடவர் பட்ட துன்பத்தை நாம் ஓரளவு அறிவோம். அவர்கள் விட்டுவந்த ஊர்களில் பிரசவ வேளையில் மருத்துவரின்றி மாண்ட தாய்மாரை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தாய்மாரின் பொருட்டுத் தம் விருப்பத்தைத் துறந்த ஒரு கிறிஸ்தவப் பெண்மணியின் வரலாற்றை இன்று காண்போம்.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் 1819-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறிய மருத்துவ ஊழியர், தந்தையாரும் மருத்துவரே. ஆயினும் ஐடாவுக்கு அவ்வழியில் நாட்டமில்லை. சிறுமியாயிருந்தபோது இங்கு கண்ட பஞ்சம் அவர் மனத்தை விட்டகலவில்லை. அமெரிக்காவிலேயே வாழ விரும்பினார். பள்ளிப் படிப்பு முடிந்து திண்டிவனத்துக்கு வந்ததும் நோயுற்ற தாயாருக்குத் துணையிருக்கவே. விரைவில் திரும்பிவிடுவதாக எண்ணம்.

அங்கு ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூவர் வாயிலில் வந்து நின்றனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறு சாதி இந்து. மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தனர். தாம் மருத்துவரல்லர், தந்தையாரை அழைத்துச் செல்லலாம் என்றார் ஐடா. அயல் ஆடவர் தம் வீட்டுப் பெண்களைப் பார்க்க வழக்கம் இடந்தராது என்று மூவரும் திரும்பினர். அவர்களைக் கொடியவர் என்பது எளிது. ஆனால் இருளில் உதவி தேடி வந்தவர்களும் அவர்களே அன்றோ! பொழுது விடிந்தபோது சாவுப் பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தனர்.

அவ்விரவு ஐடாவுக்கு உறக்கமின்றி, வேண்டுதலிலும் மனப்போராட்டத்திலும் கழிந்தது. தம் கனவுக்கு நேர்மாறான ஒன்றை இறைவன் தம்மிடம் கேட்பதாக அவர் உணர்ந்தார். மருத்துவம் கற்பதென முடிவு செய்தார். இந்நிகழ்ச்சியை அற்புதமாகச் சொல்லி, கதையை அத்துடன் முடித்துவிடுவோர் உண்டு. நமக்கோ, அதன்பின் வந்த நீண்ட ஆண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன.

கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் வேலூர் வந்தார். தந்தையாரிடம் பழகித் தொழிலில் தேர்வதாக நம்பியிருந்தார். சில மாதங்களிலேயே அவர் காலமானார். அனுபவமற்ற இளம் மருத்துவர், வீட்டில் ஒரு கட்டிலுடன் தனியே தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளைப் பார்த்தார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 1902-ல் பெண்களுக்கான ஷெல் மருத்துவமனை எழுந்தது. சிவசமுத்திரத்து மின்சாரம் தங்கவயற் சுரங்கங்களை எட்டியதும் அதே ஆண்டில்தான். பொன் எடுக்கும் பொறிகளுக்குத் தொலைவிலிருந்து விசை வந்தபோது, சுற்றுக் கிராமத்துத் தாய்மாருக்கு வேலூரே எட்டாத் தொலைவாயிருந்தது.

ஆதலால் அம்மையாரே அவர்களை நாடிச் சென்றார். முதலில் மாட்டு வண்டியிலும், பின்னர் மோட்டாரிலும் குடியாத்தம் சாலையில் பயணம் செய்து, ஆங்காங்கே மரநிழலில் நோயாளிகளைப் பார்த்து மருந்தளித்தார். தங்கவயல் செல்வோர் ரயிலில் கடக்கும் குடியாத்தம்தான் அது.

ஒருவர் கை எத்தனை வீடுகளை எட்டும்? இக்கேள்வியே 1909-ல் செவிலியர் பள்ளியையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தோற்றுவித்தது. 1930-களின் இறுதியில், பழைய மருத்துவச் சான்றிதழ்ப் படிப்பு இனிச் செல்லாது, பட்டக் கல்லூரியாக உயரவேண்டும் என்ற நிலை ஏற்பட்டபோது, பள்ளியே மூடப்படும் அபாயம் நேர்ந்தது. எழுபது வயதைக் கடந்த அம்மையார் 1941-ல் அமெரிக்கா சென்று, ஊர் ஊராக நிதி திரட்டினார். போர்க்காலம் அது.

கடினமான சோதனை ஒன்று எஞ்சியிருந்தது. கல்லூரி நிலைக்க வேண்டுமாயின் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற கருத்து எழுந்தது. நெடுங்காலம் துணைநின்ற லூசி பீபாடி அம்மையார் அதை வன்மையாக எதிர்த்தார். பெண்களுக்கென்றே ஆயுளைச் செலவிட்ட ஐடா அம்மையார், அரிய நட்பு முறியும் என்றறிந்தும், ஆண்களைச் சேர்க்க இசைந்தார். 1947-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். திண்டிவனத்தில் கனவைத் துறந்தவர் முதுமையில் தோழமையையும் துறக்க நேர்ந்தது. இத்துறவே அதனினும் அரிது என்பது நம் கருத்து.

பின்னர் இந்தியரான டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். மணவாழ்வை நாடாத ஐடா அம்மையார், 1960 மே மாதம் கொடைக்கானலில் தம் 89-ஆம் வயதில் காலமானார்.