ஃபேன் பெல்ட் கீச்சொலி

தானுந்து எந்திரத்தின் வணரித்தண்டு சுழலும்போது அச்சுழற்சியை மின்னாக்கி, நீரேற்றி, ஏசி கம்ப்ரசர் முதலிய துணைக்கருவிகளுக்குக் கொண்டு செல்லும் ரப்பர் பட்டை ஓட்டுப்பட்டை ஆகும். பழைய வண்டிகளில் இது குளிர்விக்கும் விசிறியையும் சுழற்றியது. விசிறி மின்சாரத்தில் ஓடும் இக்கால வண்டிகளிலும் ஃபேன் பெல்ட் என்னும் பெயரே பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டது. இப்பட்டை எழுப்பும் கீச்சொலி பலருக்கும் பழக்கமான ஒன்று. ஒலி பட்டையிலிருந்து வந்தாலும், கோளாறு பல வேளைகளில் பட்டையைத் தாங்கும் கப்பிகளிலோ இழுவிசையிலோ இருக்கும். புதுப் பட்டை மாட்டிய சில நாட்களில் ஒலி மீண்டும் கேட்பது இதனாலேயே.

பட்டை வகைகள்

2014ஆம் ஆண்டு உற்பத்தி நிறுத்தப்பட்ட அம்பாசடர் போன்ற வண்டிகளில் ஆப்பு வடிவக் குறுக்குவெட்டு கொண்ட பட்டை பயன்பட்டது. இதன் சரிவான பக்கங்கள் கப்பியின் பள்ளத்தில் இறுகிப் பிடித்து இழுக்கும். பின்னர் நீளவாக்கில் பல வரிகள் ஓடும் தட்டையான பட்டை பரவியது. இது பாம்புபோல் வளைந்து நெளிந்து எல்லாக் கப்பிகளையும் சுற்றி வரும். இவ்வகை ஒற்றைப் பட்டை 1979ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் காரில் இடம்பெற்றது. ஒரே பட்டையில் எல்லாம் ஓடுவதால் அது அறுந்தால் மின்னேற்றம், பவர் ஸ்டீயரிங் ஆகியவை ஒருசேர நின்றுவிடும். நீரேற்றியும் அதே பட்டையில் ஓடும் வண்டிகளில் எந்திரம் சில நிமிடங்களில் கொதித்து, சிலிண்டர் தலை கெடவும் கூடும்.

ஒலி தோன்றும் விதம்

ரப்பர் கப்பியின் மீது ஒரு கணம் ஒட்டி, மறுகணம் வழுக்கி, மீண்டும் ஒட்டும்போது பட்டை அதிர்ந்து ஒலிக்கிறது. வில்லால் வயலின் தந்தி ஒலிப்பதும் இம்முறையிலேயே.

ஒலியில் இரு வகை உண்டு. குருவி கத்துவது போல விட்டுவிட்டு, எந்திர வேகத்துக்கு ஏற்ப விரைந்து ஒலிப்பது பெரும்பாலும் கப்பிகள் ஒரே தளத்தில் இல்லாததைக் காட்டும். நீண்டு கிறீச்சிடுவது வழுக்கலின் அடையாளம். இது வண்டியைக் கிளப்பியவுடனோ, ஏசியைப் போட்டவுடனோ, ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பும்போதோ மிகும். அவ்வேளைகளில் பட்டையின் மீது சுமை திடீரென ஏறுகிறது. ஈரமான காலையில் சிறிது நேரம் ஒலித்து அடங்கிவிடும் பட்டைக்கு உடனடி ஆபத்து இல்லை எனலாம். ஆனால் நாள்தோறும் அவ்வாறு ஒலித்தால் இழுவிசையைச் சோதிப்பது நன்று.

கண்டறிதல்

எளிய சோதனைக்குத் தண்ணீரே போதும். கியர் நடுநிலையிலும் கைத்தடை இட்ட நிலையிலும் எந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, தெளிப்பான் கொண்டு பட்டையின் வரியுள்ள பக்கத்தில் சிறிதளவு தண்ணீர் தெளிக்கப்படுகிறது. ஒலி சற்றே நின்று, காய்ந்ததும் திரும்பினால் கப்பிகளின் நேர்கோட்டமைவு பிசகியிருக்கிறது. ஒலி கூடினால் பட்டை தளர்ந்திருக்கிறது. இச்சோதனையின்போது சேலைத் தலைப்பு, துண்டு, வேட்டி முனை, தளர்ந்த சட்டைக் கை ஆகியவை பட்டையின் அருகே செல்லலாகாது. மின்விசிறி, எந்திரம் நின்ற பின்னும் தானாகச் சுழலத் தொடங்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

தண்ணீரால் மாற்றமே இல்லையெனில் ஐயம் பேரிங்குகள் மீது செல்ல வேண்டும். எந்திரத்தை நிறுத்திப் பட்டையைக் கழற்றிய பின், ஒவ்வொரு கப்பியும் கையால் சுழற்றியும் அசைத்தும் பார்க்கப்படுகிறது. கரகரப்போ ஆட்டமோ உள்ள கப்பியின் பேரிங் தேய்ந்தது எனக் கொள்ளலாம். மின்னாக்கியின் கப்பி சில வண்டிகளில் ஒரு திசையில் மட்டும் தண்டைப் பிடித்து, மறுதிசையில் தனியே சுழலுமாறு அமைந்திருக்கும். அது இரு திசையிலும் இறுகிப்போனால் பட்டை உதறும்.

பட்டையைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதில் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. முன்பு நியோபிரீன் ரப்பரால் ஆன பட்டைகள் தேயும்போது வெடிப்புகள் விட்டன. அவற்றைக் கண்டு மாற்றுவது வழக்கம். தற்போது பரவலாக உள்ள இபிடிஎம் ரப்பர்ப் பட்டைகள் எளிதில் வெடிப்பதில்லை. மாறாக வரிகளுக்கு இடையேயுள்ள பள்ளம் தேய்ந்து அகன்று, பட்டை கப்பியின் அடியில் அமர்ந்து வழுக்குகிறது. ஆகவே வெடிப்பு இல்லை என்பதால் பட்டை நன்றாக உள்ளது என முடிவு செய்ய இயலாது. பள்ளத்தின் ஆழத்தை இதற்கான சிறு அளவி கொண்டு பார்க்க வேண்டும்.

சரிசெய்தல்

ஆப்புப் பட்டையின் இழுவிசை, மின்னாக்கியின் போல்ட்டைத் தளர்த்தி அதை வெளிப்புறம் நகர்த்துவதால் கூட்டப்படும். இரு கப்பிகளுக்கு இடைப்பட்ட நீண்ட பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு செ.மீ. அமிழ்வது பொதுவான அளவு. வண்டியின் கையேடு வேறு கூறினால் அதுவே கொள்ளத்தக்கது. ஒலி நிற்க வேண்டும் என்று மிகையாக இறுக்குவது, பட்டையைக் காப்பாற்றி நீரேற்றி, மின்னாக்கி ஆகியவற்றின் பேரிங்கைப் பலி கொடுப்பதாகும். வரிப்பட்டைகளில் சுருள்வில் கொண்ட டென்ஷனர் தானே இறுக்கத்தைக் காக்கிறது. அதன் வில் தளர்ந்தாலோ கை இறுகிப்போனாலோ டென்ஷனரையே மாற்ற வேண்டும்.

எந்திர எண்ணெயோ குளிர்நீர்மமோ ஒழுகிப் பட்டை நனைந்திருந்தால் முதலில் ஒழுக்கை அடைத்து, கப்பிகளைத் துடைத்து, பிறகே புதுப் பட்டை மாட்டுதல் முறை. எண்ணெய் ஊறிய ரப்பர் உப்பி மென்மையாகிவிடுவதால் அதைத் துடைத்துப் பயன்படுத்துவதில் பயனில்லை. கடைகளில் விற்கும் ஒலி நீக்கித் தெளிப்புகள் பிசுபிசுப்பால் சில நாட்கள் ஒலியை மறைக்கும். அதன்மேல் தூசி படிந்து தேய்மானம் கூடும் என்பதால் வரிப்பட்டைகளுக்கு இவை பரிந்துரைக்கப்படுவதில்லை. சோப்பு தேய்ப்பதும் இத்தகையதே.

சில சிறிய கார்களில் டென்ஷனரே இல்லாமல் தன் மீள்தன்மையால் இறுகி நிற்கும் பட்டை உள்ளது. இதை நெம்புகோலால் மாட்ட முயன்றால் உள்ளிழை சிதையும். இதற்கெனத் தனிக் கருவி உண்டு. கழற்றிய பட்டையை மீண்டும் மாட்டுவதும் கூடாது.

எந்திரத்தினுள் மூடியின் பின்னே இருக்கும் டைமிங் பெல்ட் இதனின்றும் வேறானது. அது வால்வுகளின் இயக்கத்தை வணரித்தண்டுடன் பொருத்தி வைப்பது. அது அறுந்தால் பல எந்திரங்களில் பிஸ்டன் மோதி வால்வுகள் வளையும். அதன் மாற்றக் காலம் கிலோமீட்டர், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு கையேட்டில் குறிக்கப்படுகிறது. ஒலி கேட்கும்வரை காத்திருப்பது அதற்குப் பொருந்தாது.