தூண்டில் கம்பும் ஒரு வர்த்தகத் தடையும்

ஃப்ளை ஃபிஷிங் கற்க நினைக்கும் புதியவருக்கு அமெரிக்காவில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை இதுதான்: 9 அடி நீளம், 5-ஆம் எண், கிராஃபைட் கம்பு. ஏன் மூங்கில் இல்லை? தேடிப் பார்த்தேன்... நம்ம காமர்ஸ் பாடம் வந்து நின்றது!

முதலில் ஒரு விஷயம். சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முள்ளில் இருப்பதோ இறகு சுற்றிய போலிப் பூச்சி, எடையே கிடையாது. அதனால் தடித்த கயிற்றின் எடையைத்தான் வீச வேண்டும். வளைந்து நிமிரும் கம்புதான் அதை வீசுகிறது. கம்பின் எண், அதற்கேற்ற கயிற்றின் எடையைக் குறிக்கும்.

19-ஆம் நூற்றாண்டில் மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளாக ஒட்டிக் கம்பு செய்தார்கள். முதலில் கல்கத்தா மூங்கில், அதாவது நம் நாட்டுச் சரக்கு! பிறகு தெற்குச் சீனாவின் டோன்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது.

1950-ல் கொரியப் போர். சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா தடை போட்டது. மூங்கில் வரத்து நின்றது. அப்போதுதான் தலைகாட்டியிருந்த ஃபைபர்கிளாஸ் சந்தையைப் பிடித்தது. விலை மலிவு, தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யலாம். மூங்கில் பட்டறைகள் பல நொடித்துப்போயின. 1973-ல் ஃபென்விக் நிறுவனம் இன்னும் லேசான கிராஃபைட்டைக் கொண்டுவந்தது.

1971-லேயே தடை விலகிவிட்டது. மூங்கிலும் திரும்ப வந்தது. வாங்கும் கூட்டம் வரவில்லை. இன்று மூங்கில் கம்பு கைவினைப் பொருள், விலையும் அதற்கேற்ப.

ஆகவே புதியவரே, தயங்காமல் கிராஃபைட்டையே வாங்குங்கள். ஆனால் பதிலீட்டுப் பொருள் என்று தேர்வில் கேள்வி வந்தால் என் பதில் காபி, டீ இல்லை... இந்தக் கம்புதான்!