ரூக்கி உரிமம் (ஐரேசிங்)

இணையவழிக் கார்ப்பந்தய விளையாட்டான ஐரேசிங்கில் (2008) புதிதாகச் சேர்வோர் தொடங்கும் படிநிலை. இதற்கு மேல் டி, சி, பி, ஏ என உரிமங்கள் உயரும்.

படியேற வேகத்தைவிட நிதானமே முக்கியம். தடத்தைவிட்டு விலகினால் 1, கட்டுப்பாடிழந்து சுழன்றால் 2, பிற காருடன் பலமாக மோதினால் 4 எனக் குற்றப்புள்ளிகள் சேரும். கடந்த திருப்பங்களின் எண்ணிக்கையோடு அவற்றை ஒப்பிட்டுப் பாதுகாப்பு மதிப்பீடு கணக்கிடப்படுகிறது. மோதலில் யார்மீது பிழை என்று கணினி ஆராய்வதில்லை. இடித்தவருக்கும் இடிபட்டவருக்கும் ஒரே புள்ளிதான். பின்னாலிருந்து இடிவாங்கிய புதியவர் மனம் வெதும்பி விலகிப்போவது இதனால்தான். அவருடைய குறை நியாயமானதே.

அனுபவசாலிகளின் அறிவுரை எளிது: முதல் திருப்பத்தில் முந்த வேண்டாம், அச்சமிருந்தால் பிட் லேனிலிருந்து (தடத்தோரப் பராமரிப்புப் பாதை) கடைசியாகப் புறப்படலாம். வேகமான கார் பின்னால் நெருங்குவதை உணர்த்தும் நீலக்கொடி கண்டு பதறி ஒதுங்குவதும் ஆபத்து. தன் பாதையிலேயே சீராகச் செல்பவரை வேகமானவர் எளிதில் கடந்துவிடுவார். பொறுமையாக இதைச் சொல்லித்தருவோர் உண்டு; குரல்வழியே வசைபாடுவோரும் உண்டு. வசைமொழி குறித்து முறையிடலாம். சொந்தப் பெயரில்தான் ஓட்ட வேண்டும் என்ற விதியும் நாவுக்கு ஓரளவு கடிவாளமிடுகிறது.