இருங்காட்டுக்கோட்டையின் விழா

விழாவைத் தொடக்கமாகக் கொண்டு எழுந்த தமிழ்க் காப்பியம் மணிமேகலை. அதன் முதற்காதையே விழாவறை காதை. புகார் நகரில் 28 நாள் நிகழ்ந்த இந்திரவிழாவை முரசறைவோன் அறிவிக்கின்றான். விழாவை மறந்தமையால் அந்நகரைக் கடல்கொண்டது என்பது அக்காப்பியம் பின்னர்க் கூறும் செய்தி. விழா என்பது வெறும் களியாட்டமன்று. ஓர் ஊர் தன்னை மறவாதிருத்தற்குக் கொண்ட வழி என்பதே இதன் உட்பொருள் எனலாம். இக்கருத்தை இன்றைய ஊர் ஒன்றன் வரலாற்றோடு பொருத்திப் பார்த்தல் தகும்.

சென்னைக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் அமைந்தது இருங்காட்டுக்கோட்டை. 'இரும்' என்னும் உரிச்சொல் பெருமையையும் கருமையையும் குறிக்கும். பெருங்காடு எனக் கொள்ளினும் கருங்காடு எனக் கொள்ளினும், ஊர்ப்பெயரில் நிற்பது காடே. இன்று அங்குக் காண்பன தொழிற்சாலைகள்.

இப்பகுதியின் பழைய விழா, அடுத்துள்ள திருப்பெரும்புதூருக்கு உரியது. 1017இல் இராமானுசர் தோன்றிய ஊர் அது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சித்திரைத் திருவாதிரையை ஒட்டிப் பத்து நாள் விழா ஆண்டுதோறும் நிகழ்கிறது. அங்குள்ள அவர் திருவுருவைத் 'தானுகந்த திருமேனி' என்பர்; அவரே தழுவி உகந்தது என்பது மரபு. 2017இல் அவரது ஆயிரமாம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பெற்றது. ஆயிரம் ஆண்டுப் பழமையை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தருவது இவ்விழா.

புதிய விழாவோ வடக்கேயிருந்து வந்தது. செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து வானூர்தித் தளம் ஒன்று இருந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அத்தளத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தலாயிற்று. போருக்கென இட்ட ஓடுதளம் விளையாட்டுக் களமாயிற்று. கோவை, பெங்களூர், பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களின் ஓட்டுநர்கள் அங்குக் கூடினர். பந்தயம் காணத் திரண்ட மக்களுக்குச் சோழவரம் என்பது ஊர்ப்பெயராக மட்டும் நில்லாமல், ஒரு பருவத்தின் பெயராகவே ஆகிவிட்டது.

பந்தயத்திற்கென்றே ஒரு தடம் வேண்டும் என்னும் எண்ணம் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிறைவேறியது. ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் உடையது அத்தடம். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இவ்வூரின் பெரிய கார்த் தொழிற்சாலையாகிய ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது 1998இல். கார் செய்யும் ஊராவதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னரே இது கார் ஓடும் ஊராயிற்று. தொழிலுக்குப் பின்னர் விழா தோன்றுதலே உலகியல்பு. உழவுக்குப் பின்னரே பொங்கல். இங்கு விழா முந்திற்று.

இத்தடத்தில் பயின்ற நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். 2010இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அவ்வரிசையில் இரண்டாமவரானார். 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவுப் பந்தயம் நிகழ்ந்தது. ஊருக்கு வெளியே சென்ற விழா நகருக்குள் மீண்ட காட்சி அது.

எனினும் இவ்விழாவின் மறுபக்கத்தையும் வரலாறு மறைத்தல் ஆகாது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இத்தடத்தில் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் ஐம்பத்தொன்பது அகவையினர். மற்றவர் பதின்மூன்று அகவைச் சிறுவர். விரைவு விளையாட்டில் இடர் இயல்பு என்று கூறி இதனைக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் தேரோட்டத்தில் சக்கரத்திற்குக் கட்டை இடுவோரின் பணி, வடம் இழுப்போரின் பணியினும் குறைந்ததன்று என்பதை நம் ஊர்கள் அறியும். தேரை ஓட்டும் திறனோடு நிறுத்தும் திறனும் கூடியதே விழா.

மணிமேகலையின் முரசறைவோன் எடுத்த எடுப்பில் விழாவை அறிவிக்கவில்லை. முதலில் ஊரை வாழ்த்துகின்றான். பசியும் நோயும் நீங்க வேண்டுமென விழைந்தே அறிவிப்பை முடிக்கின்றான். உயிர்களின் நலம் முன்னும் பின்னும் நிற்க, இடையே நிகழ்வது விழா. திருவாதிரைக்குப் பாட்டு உண்டு, தேருக்கும் உண்டு. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தையும் அங்கு வீழ்ந்த இளம் உயிரையும் பாடும் கடமை இக்காலக் கவிஞர்க்கு உரியது.