ஓர் அகப்பக்கம் மட்டும் திறக்கவில்லையா? பிராக்சியைக் கவனியுங்கள்

எஸ்பிஎம் முடித்த பிள்ளை யூபியூ விண்ணப்பத்தை அனுப்ப வேண்டிய கடைசி நாளில் அந்த அகப்பக்கம் மட்டும் மடிக்கணினியில் திறக்காவிட்டால், வீட்டில் பதற்றம்தான். இதற்குக் கணினியில் உள்ள பிராக்சி அமைப்பும் காரணமாகலாம்.

பிராக்சி என்பது கணினிக்கும் இணையத்திற்கும் இடையில் நிற்கும் சேவையகம். அது தடுத்துள்ள அகப்பக்கம் திறக்காது. சேவையகமே கிடைக்காவிட்டால் எதுவும் திறக்காது.

முதலில் அதே வைஃபையில் கைப்பேசி வழி திறந்து பாருங்கள். அதில் திறந்தால் கோளாறு பெரும்பாலும் கணினியில்தான். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிராக்சி எனச் சென்று, 'யூஸ் எ பிராக்சி சர்வர்' என்பதை அணைக்கவும். குரோம், எட்ஜ் ஆகியவை இந்த அமைப்பையே பின்பற்றும். ஃபயர்பாக்ஸுக்குத் தனி அமைப்பு உண்டு, அதையும் பார்க்கவும்.

407 என்ற எண் தோன்றினால், பிராக்சி பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது என்று பொருள். வேலையிடத்துக் கணினியாக இருந்தால் நீங்களே மாற்றாதீர்கள். பிராக்சி வழி செல்லாத விதிவிலக்குப் பட்டியலில் அந்த முகவரியைச் சேர்க்கும்படி அங்குள்ள கணினிப் பிரிவினரிடம் கேளுங்கள்.

அவசரத்தில் இலவச பிராக்சியைத் தேடி, அதன்வழி அடையாள அட்டை எண்ணையும் கடவுச்சொல்லையும் அனுப்ப வேண்டாம். இடையில் இருந்து பார்ப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது.